கம்பி நீட்டிய மேனேஜர்

மனைவிக்கு வேலை மாடியில், கணிப்பொறி முன்னால். புருஷனுக்குக் கீழே, சூடேற்றும் லைனில். ஒரே ஃபேக்டரிதான். செம்புச் சுருளுக்குள் இரும்புக் கம்பி நகர்ந்துகொண்டே இருக்கும். சுருளில் மின்சாரம் பாய, எதுவும் தொடாமலே பழுத்துச் சிவந்து வெளியே வரும். ஓடுகிற கம்பி எந்த இடத்தில் எவ்வளவு சூடாகும் என்று சிமுலேஷன் போட்டுச் சொல்வது அவள் வேலை. ‘கம்பி ஜோசியம்’ என்பான் அவன்.

அந்த வாரம் கணக்கில் வேகத்தைப் பாதியாக்கிப் பார்த்தாள். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

“வேகத்தைக் குறைச்சா பவரையும் குறைக்கணும். இல்லன்னா கம்பி சுருளுக்குள்ளயே உருகிடும்.”

“இத்தனை வருஷமா ஓட்டறேன். என் கம்பியை எனக்குத் தெரியாதா?”

“உன் கம்பிக்கு உன்னைத் தெரியாதே.”

மேனேஜரிடமும் காட்டினாள். சூடான இடம் சிவப்பாகத் தெரிந்த திரையை அவர் ஏதோ ஓவியம்போல் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“நாளைக்கு கஸ்டமர் வர்றாங்கம்மா. இந்த சிவப்பு பயமா இருக்கு. கொஞ்சம் பச்சை ஆக்கேன்.”

“கலரை மாத்தினா சூடு குறையாது சார்.”

“பார்க்கறவங்களுக்குக் குறையும்ல?”

அவள் மாற்றவில்லை.

மறுநாள் வந்த கஸ்டமர் அம்மாள், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு லைனை உற்றுப் பார்த்தார். கம்பி சரசரவென்று ஓடியதில் மேனேஜருக்கு மனக்குறை.

“மெதுவா ஓட்டுப்பா! மேடம் நல்லா பார்க்கட்டும்.”

அவன் மாடி ஜன்னலைப் பார்த்தான். அவள் இரண்டு கையாலும் ‘வேண்டாம்’ என்று ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“சார், அப்ப பவரும்...” என்று இழுத்தான்.

“பவரைக் குறைச்சா சிவப்பு போயிடும்யா. சொன்னதைச் செய்!”

வேகத்தை மட்டும் குறைத்தான். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெள்ளையானது. கம்பி தூங்கி விழுபவன் தலைபோல் தொங்கிச் சுருளில் ஒட்டிக்கொண்டது. பொறி பறந்தது. அவன் பாய்ந்து பொத்தானைக் குத்தி லைனை நிறுத்தினான். யாருக்கும் காயமில்லை. புகை விலகியபோது மேனேஜர் நின்ற இடம் காலி. அந்த ஃபேக்டரியில் இவ்வளவு சுத்தமாகக் கம்பி நீட்டியவர் வேறு யாருமில்லை.

“ஏன் இப்படி ஆச்சு?” அம்மாள் அவனைத்தான் கேட்டார்.

வோல்டேஜ் ஏறிவிட்டது என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டான்.

“வேண்டாம்னு என் பொண்டாட்டி சொன்னா மேடம். நான்தான் கேக்கல.”

அம்மாள் மாடியேறினார். திரையில், கம்பி உருகிய அதே இடம் தகதகவென்று இருந்தது.

“வேகம் மாறினா பவரும் தானா மாறுற மாதிரி செய்ய முடியுமா?”

“முடியும் மேடம்.”

“செஞ்சு காட்டுங்க. அப்புறம் ஆர்டரைப் பத்திப் பேசலாம்.”

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது அவள் பின்சீட்டின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“திட்டிடேன். இப்படித் தள்ளி உக்காந்தா விழுந்துடுவ.”

“அத்தனை பேர் முன்னாடி பொண்டாட்டின்னு சொன்னியே, எஞ்சினியர்னு சொல்ல வாய் வரலையா?”

மறுநாள் காலையில் மேனேஜர் ஒன்றும் அறியாதவர்போல் வந்து, “என்னப்பா ஆச்சு நேத்து?” என்றார்.

“எஞ்சினியர் மேடத்தைக் கேளுங்க சார். மாடியில இருக்காங்க.”

மேனேஜர் படிக்கட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போனார்.