விவரம் நிரப்பிய பாய்லர்காரர்

"அண்ணே, உங்க வேலையக் கத்துக்கச் சொன்னாங்க" என்று ஒருவன் பாய்லர் அறையில் வந்து நின்றான். எதற்கு என்று பாய்லர்காரர் கேட்டுப் பார்த்தார். அது வந்தவனுக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் அறைச் சாவி ஒன்று அவன் இடுப்புக்குப் போனது.

ஆஸ்பத்திரிப் போர்வைகளை மூட்டை மூட்டையாக வெளுக்கிற ஆலை அது. கல்யாணமான புதிதில் அங்கே சேர்ந்தவர், தலை நரைத்தும் அந்தச் சூட்டைவிட்டு நகரவில்லை. அவரையே கிளப்பப் பார்க்கிறார்களே! யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மச்சான் தன் கம்பெனிக்குக் கூப்பிட்டதும், இவர் முடியாது என்று மறுத்ததும் இஸ்திரிப் பிரிவில் இருக்கும் சிநேகிதன் மொட்டை ஒருவனுக்குத்தான் தெரியும். கூப்பிட்டதைச் சொல்லிவிட்டு மறுத்ததை முழுங்கியிருப்பான், படுபாவி. அன்றிலிருந்து மொட்டை வழக்கம்போல் இரண்டு டம்ளர் டீயோடு வந்தால் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மொட்டை சிரித்தால் நக்கலாகத் தெரிந்தது. சிரிக்காவிட்டால் குற்றமுள்ள நெஞ்சாகத் தெரிந்தது. மனிதன் என்னதான் செய்வான்?

கடைசியில் பொறுக்கமாட்டாமல் மனிதவள அதிகாரியிடமே போனார். "யாரும்மா என்னைப் பத்தி வத்தி வச்சது?"

அந்த அம்மாள் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் படத்துக்குப் பக்கத்தில் சிவப்பு: வேலையை விட்டுப் போக வாய்ப்பு மிக அதிகம்.

"யாரும் சொல்லல. போன்ல இருக்கற நம்ம ஆலை ஆப்தான் கணக்குப் போடுது. புது போட்டோ, சர்டிபிகேட், பழைய அனுபவம் எல்லாம் போன மாசம் ஏத்தியிருக்கீங்க. வேற வேலை தேடறவங்கதான் அப்படிச் செய்வாங்களாம்."

"அந்த ஆப்புதானேம்மா விவரத்தை நிரப்பு, நிரப்புன்னு தினம் என் உசிர வாங்குச்சு!"

"எல்லாருக்கும்தான் வருது. நிரப்பினது நீங்க ஒருத்தர்தான்" என்றாள். பாவமாகத்தான் சொன்னாள். சிவப்பை எடுக்க அவளுக்கு அதிகாரம் இல்லையாம்.

சொன்ன பேச்சைக் கேட்டதற்கா இந்தத் தண்டனை? ஆத்திரமாக வந்தது. அதைவிட, மொட்டையை நினைத்து வெட்கமாக வந்தது. நேரே இஸ்திரிப் பிரிவுக்குப் போனார்.

"நீதான் சொல்லிட்டேன்னு நெனச்சுட்டேன்டா. தப்புதான். மன்னிச்சுரு."

மொட்டை போர்வையை மடிப்பதை நிறுத்தவில்லை. "அந்த ஆப்பாவது நீ ஏத்துனதப் பாத்துக் கணக்குப் போட்டுச்சு. நீ என்னத்தப் பாத்துப் போட்ட? வாயத் தொறந்து என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

பக்கத்தில் டீ ஆறிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு டம்ளர்தான் இருந்தது.

வாசலுக்கு வந்து போனை எடுத்தார். விவரம் முழுமையடைந்ததற்கு ஆப் வாழ்த்துச் சொல்லியிருந்தது. அதைத் தள்ளிவிட்டு மச்சானைக் கூப்பிட்டார்.

"மச்சான், அந்த வேலை இன்னும் காலியாத்தான் இருக்கா?"