வரப்பெற்றோம்

"முற்றுப்புள்ளி. அடுத்தது என்ன?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

மகள் மடிக்கணினியை முழங்காலில் இருத்திக்கொண்டு அடுக்கிலிருந்து இன்னொரு புத்தகத்தை எடுத்தாள். வாரப்பத்திரிகைக்கு அப்பா எழுதும் புதுநூல் பக்கம் இன்று சாயங்காலம் போயாக வேண்டும். டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டுப் போயிருந்தார். அப்பாவுக்கு இரண்டும் தெரியும். பக்கத்தைத்தான் பெரிதாக நினைத்தார்.

"ஓவியம் பத்தினது. அட்டையில நீலக் கதவு."

"அதுவா? 'படங்கள் நன்றாக இருக்கின்றன. ஆசிரியர் குறுக்கே நிற்காமல் இருந்திருக்கலாம்.' போடு."

அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். மதத்தைப் பற்றி எழுதியவர், சங்கீதத்தைப் பற்றி எழுதியவர், சமூகத்தைத் திருத்தக் கிளம்பியவர், எவரானாலும் சரி, அவர் கையில் சிக்கினால் தலை தப்பாது. அதைவிடப் பெரிய தண்டனையும் ஒன்று வைத்திருந்தார். பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், 'வரப்பெற்றோம்' என்று ஒரு பட்டியல். தலைப்பு, ஆசிரியர், விலை. அவ்வளவுதான். திட்டக்கூட லாயக்கில்லாதவை அங்கே போகும்.

அடுக்கில் கடைசியாக இருந்தது மகளுடைய புத்தகம். வழிபாட்டுக் கூடங்களில் சேர்ந்து பாடுகிறவர்களைப் பற்றியது. அதற்காக வேலையை விட்டாள், ஊர் ஊராக அலைந்தாள். பெற்ற மகளென்று சலுகை வேண்டாம். நார் நாராகக் கிழிக்கட்டும், படித்துவிட்டுக் கிழிக்கட்டும்! அந்த ஒரு வாய் வார்த்தைக்காகத்தான் வந்ததிலிருந்து காத்துக் கிடந்தாள்.

"இது என்னோடதுப்பா."

மறுபக்கம் அம்மா ஈரத்துணியால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"வரப்பெற்றோம்ல போடு" என்றார் அப்பா.

"ஒரே ஒரு வரிப்பா..."

"போடு. விலையைச் சரியா போடு."

அதுதான் கடைசிப் பேச்சு. மதியத்துக்குள் மூச்சு இழுத்து இழுத்து அடங்கிவிட்டது. பாவி மனுஷன், போகிற போக்கில் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதா? அழ வேண்டிய நேரத்தில் மகளுக்கு ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

பத்திரிகை ஆசிரியர் போனில் தழுதழுத்தார். "அவரோட கடைசிப் பக்கம்மா. நீங்க அனுப்பறத ஒரு எழுத்து மாத்தாம போடறோம்."

அனுப்பப் போனவள் நிறுத்தினாள். யாருக்குத் தெரியப்போகிறது? தன் புத்தகத்தைப் பட்டியலிலிருந்து உருவி மேலே ஏற்றி, 'இந்த ஆண்டின் கவனிக்க வேண்டிய நூல்' என்று தட்டினாள்.

"அத எடு." அம்மா முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"பிரிச்சுக்கூடப் பார்க்கலம்மா அவரு!"

"எப்படிப் பார்ப்பாரு? கண்ணு போயி எவ்வளவோ காலமாச்சு. வேலை போயிடும்னு வெளியே மூச்சு விடல, உன்கிட்டகூட. நான்தான் படிச்சுச் சொல்லிட்டிருந்தேன்."

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"மத்தவங்களுதுல முன்னுரையும் கடைசி அத்தியாயமும்தான் படிப்பேன். அத வச்சே அவரு ஒப்பேத்திடுவாரு. உன்னுத மட்டும்தான் ஒரு எழுத்து விடாம படிச்சேன். ரெண்டு தடவை."

"படிச்சுட்டு?"

"எப்படி இருக்குன்னு கேட்டாரு. தேறாதுன்னேன். 'நம்ம பொண்ணுடி'ன்னு கெஞ்சினாரு. 'நல்லா இருக்குன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் அரைப் பக்கம் எழுதறேன்'னாரு." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு வாய் வரலடி."

வாசலில் செருப்புகள் கழற்றும் சத்தம் கேட்டது.

"ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. தலகாணி உறை அழுக்கா இருக்கு. வந்து அவரு தலையைப் பிடி."

மகள் அந்த வரியை அழித்து, புத்தகத்தைப் பழையபடி பட்டியலில் போட்டாள். பக்கத்தை அனுப்பிவிட்டு வந்து அப்பாவின் தலையை இரண்டு கையாலும் ஏந்தினாள். அம்மா பழைய உறையை உருவி, புதியதை உதறினாள்.

"இன்னும் கொஞ்சம் தூக்கு" என்றாள்.

மகள் தூக்கினாள்.