முறை என்று எழுதிக் கொடுத்தேன்

வினோஜனுக்காக நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான்தான். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. ஜேர்மனியில் டுசல்டோர்ஃபுக்கு வெளியே, பழைய தளபாடக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து நாங்கள் நடத்தும் முருகன் கோயிலுக்குப் பதினாறு வருடமாக நான் செயலாளர். பெயர் ஆனந்தராசா. ஆனந்தராசா அண்ணையின் டொச் பாஷை திறம் என்று சனம் சொல்லும். நானும் அதை நம்பிக்கொண்டு திரிந்தேன்.

வினோஜன் அறைந்ததில் அவன் மனைவி கஜந்தியின் இடது காதுச் சவ்வு கிழிந்துபோனது. அது முதல் அடியும் அல்ல. அவள் பெண்கள் காப்பகத்துக்குப் போனாள், வழக்கு வந்தது. வினோஜனின் சட்டத்தரணி, ஒரு வெள்ளைக்காரர், கோயிலுக்கு என்னைத் தேடி வந்தார். உங்கள் பண்பாட்டில் இதை எப்படிப் பார்ப்பார்கள் என்று கோயில் எழுதித் தந்தால் அவன் சிறைக்குப் போகாமல் தப்பலாம் என்றார். வெளியே இருந்தால் தேடி வருவான் என்பதுதான் கஜந்தியின் பயம். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எழுதினேன். திருவிழாவுக்கு முதல் ஆளாக வந்து பந்தல் போடுகிற பெடியன், சிறைக்குப் போனால் விசாவும் போய்விடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

"தமிழ் இந்து மரபில், கணவன் மனைவியைக் கண்டித்து ஓர் அடி அடிப்பது வன்முறையாகக் கருதப்படுவதில்லை. அது குடும்பம் நடத்தும் முறை." இப்படி எழுதி, கோயில் முத்திரையையும் குத்தினேன்.

வெட்கக்கேடு என்னவென்றால், அதற்கு இரண்டு மாதம் முன்புதான் நகரசபை மண்டபத்தில், பாதிரியாருக்கும் இமாமுக்கும் நடுவில் இருந்து, எங்கள் சமயத்தில் வன்முறைக்கே இடமில்லை என்று பேசிக் கைதட்டு வாங்கியிருந்தேன். மேடையில் அகிம்சை. ஒருவனைக் காப்பாற்ற வேண்டி வந்ததும், அவன் கை செய்ததைத் தூக்கிச் சமயத்தின் தலையில் கட்டிவிட்டேன். முருகனைக் கேட்டா கட்டினேன்?

என் மனைவி ரஞ்சினி கடிதத்தை வாசித்தாள்.

"இதைக் குடுக்காதேங்கோ."

"உனக்கு இதுகள் விளங்காது. பேசாமல் இரு."

அவள் பேசாமல்தான் இருந்தாள். ஆனால் வழக்கு நாளன்று எனக்கு முன்பே வெளிக்கிட்டுப் போய், நீதிமன்றத்தில் கஜந்தியோடு பின் வரிசை வாங்கில் இருந்துவிட்டாள்.

நீதிபதி ஒரு பெண், என் மகளின் வயதுதான் இருக்கும். கடிதத்துக்குச் சாட்சியாக என்னைக் கூப்பிட்டு, பொய் சொல்வது குற்றம் என்று முதலில் எச்சரித்தார். பிறகு கடிதத்தை உரக்க வாசித்தார். நான் எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்டபோது உடம்பு கூசியது. மொழிபெயர்ப்பாளராக வந்திருந்த ஜெசிகா அதை வினோஜனுக்குத் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னாள். எங்கள் கோயிலில் தேவாரம் படித்து வளர்ந்த பிள்ளை. என்னை மாமா என்றுதான் கூப்பிடும்.

"இது எந்த நூலில் இருக்கிறது?" என்று நீதிபதி கேட்டார்.

"நூலில் இல்லை. பழக்கத்தில் இருக்கிறது."

"உங்கள் வீட்டிலும் இந்தப் பழக்கம் உண்டா? நீங்கள் உங்கள் மனைவியை அடித்திருக்கிறீர்களா? இதற்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை."

தேவையில்லை என்று அந்த மனுசி சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். "இல்லை, ஒருநாளும் இல்லை" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். பின் வாங்கைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினைந்து நிமிடம் இடைவேளை விட்டார்கள். வெளியே நடையில் கஜந்தி நின்றாள். ரஞ்சினி பேசும்போது தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்துக் கேட்டாள். என்னைக் கண்டதும் குனிந்துகொண்டாள். ரஞ்சினி என்னிடம் வந்தாள். சண்டை பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குரலை உயர்த்தவேயில்லை.

"இஞ்சருங்கோ, முறை எண்டுதானே எழுதினனீங்கள். முறை எண்டா, ஓம் அடிச்சனான் எண்டு சொல்ல என்னத்துக்கு வெட்கப்பட்டனீங்கள்?"

"இத்தனை பேருக்கு முன்னால எப்பிடியப்பா சொல்லுறது?"

"அப்ப அது பிழை எண்டு உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு."

அவ்வளவும் சொல்லிவிட்டுக் கஜந்தியிடம் திரும்பிப் போய்விட்டாள். தெரியும்தான். அடிக்குமுன் யன்னலைச் சாத்தியவன் நான். முறையான காரியத்துக்கு யன்னலை எதற்குச் சாத்த வேண்டும்? சமயம் வந்து என் கையைத் தூக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: சத்தம் கேட்ட எங்கள் சனத்தில் ஒருவராவது கதவைத் தட்டிக் கேட்கவில்லை, அது புருசன் பெண்சாதி விசயம் என்று விட்டுவிட்டார்கள். வினோஜனுக்கு நான் செய்ததும் அதேதான். முத்திரை குத்திச் செய்தேன்.

திரும்பவும் உள்ளே போனதும் கையை உயர்த்திப் பேச அனுமதி கேட்டேன்.

"கடிதத்தைத் திருப்பி எடுக்கிறேன். அது மரபில்லை, நான் சோடித்தது. முதல் சொன்னதும் பொய். நான் என் மனைவியை அடித்திருக்கிறேன். மூன்று தடவை."

சொல்லி முடித்ததும் நெஞ்சு இலேசானது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் அநியாயத்தைப் பாருங்கள்.

பின் வாங்கிலிருந்து ரஞ்சினியின் குரல் மெதுவாக வந்தது.

"ஆறு."

நீதிபதி நிமிர்ந்து, அந்த அம்மா என்ன சொன்னார் என்று ஜெசிகாவைக் கேட்டார். ஜெசிகா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டு, ஆறு என்று டொச்சில் சொன்னாள். நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

கடிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். வினோஜனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அடுத்த கிழமையே நான் செயலாளர் பதவியை விட்டேன். அதெல்லாம் பெரிய விசயம் இல்லை. அந்த ஆறில் மூன்றுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மற்ற மூன்றும் எப்போது, எதற்காக என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ரஞ்சினிக்குத் தெரியும். அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.