நாக்குக் கேள்வி

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. தப்பு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. மருந்துச் சீட்டில் எழுத்துப்பிழை இருந்தால் டாக்டரிடமே திருப்பி நீட்டுவார். இப்படிப்பட்ட மனிதர் உயிரியல் வாத்தியாரும் ஆகிவிட்டால் கேட்க வேண்டுமா? குடும்பம் சந்தி சிரிக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

டயர் கடை மாடியில் எங்கள் பயிற்சி மையம். இரண்டு அறை, உட்கார்ந்தால் ஆடும் பெஞ்சுகள், எந்நேரமும் ரப்பர் நாற்றம். மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு உயிரியல் மட்டும் சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் மைட்டோ. எதைக் கேட்டாலும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்துதான் ஆரம்பிப்பார். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு சவ்வு என்று பெயர். செல் சவ்வு மாதிரி யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்று நான்தான் முடிவு செய்கிறேனாம். என் காது படவே சொல்வார்கள், கழுதைகள்.

எங்கள் மகளும் அந்த ஆடும் பெஞ்சில்தான் படித்தாள். மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது என்பது தேர்வு விதி. முதல் முறை காய்ச்சலில் போனது, இரண்டாவது பயத்தில் போனது. இது கடைசி. அவளுக்கு வேறு எதிலும் மனசு ஒட்டவில்லை. கணக்கு எடு, கணினி படி என்று நானும் தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன். டாக்டர் ஆகணும்மா, அவ்வளவுதான் என்பாள்.

தேர்வு முடிந்து வந்தவளைச் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் பிடித்துக்கொண்டார். வினாத்தாளை விரித்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அதில் ஒரு கேள்வி: கசப்புச் சுவையை உணர்வது நாக்கின் எந்தப் பகுதி? நுனி, ஓரங்கள், பின்பகுதி, சுவை மொட்டுகள் உள்ள எல்லாப் பகுதிகளும் என்று நான்கு விடைகள். பாடப்புத்தகத்தில் நாக்கைப் படம் போட்டு, பங்கு பிரித்து, கசப்புக்குப் பின்பகுதி என்று எழுதியிருக்கிறது. அந்தப் படத்தைக் கண்டாலே இவர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். எல்லாப் பகுதியிலும் எல்லாச் சுவையும் தெரியும், அது எப்போதோ நிரூபணமாகிவிட்டது என்பார். மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு கசப்பு மாத்திரையைப் பொடித்து அவள் நாக்கு நுனியில் வைத்து, எங்க தெரியுது, எங்க தெரியுது என்று கேட்டவர். குழந்தை வீறிட்டு அழுதது. அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் மிச்சப் பொடியை அவர் காபியில் கொட்டியிருக்க வேண்டும்.

"இதுக்கு என்னம்மா போட்ட?"

"எல்லாப் பகுதியும்தாம்ப்பா."

"அது! என் பொண்ணு!" என்று தொடையைத் தட்டினார்.

பத்து நாளில் அதிகாரபூர்வ விடைகளை வெளியிட்டார்கள், கீ என்பார்கள். நாக்குக் கேள்விக்குப் பின்பகுதி என்று போட்டிருந்தது. மனிதர் கொதித்துவிட்டார். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறினால் ஒன்று பிடிப்பார்கள். ஆக இந்த ஒரு கேள்வியில் ஐந்து மதிப்பெண் அடி. அவர் கணக்குப்படி மகள் சீட்டுக்கு மூன்று மதிப்பெண் கீழே நின்றாள். விடையைத் திருத்த வைத்தால் இரண்டு மதிப்பெண் மேலே.

"முட்டாப் பசங்க தப்பா போட்ட கீயால என் பொண்ணு வாழ்க்கை போகணுமா? விடமாட்டேன்."

ஆட்சேப மனு எழுத உட்கார்ந்தார். சோறு மேசையிலேயே ஆறிக் கிடந்தது. தடித்தடியான புத்தகங்களை விரித்து, எந்தச் சுவைக்கு எந்தச் செல், எந்த நரம்பு என்று அடுக்கினார். மூன்று நாள் அதே வேலை.

மூன்றாம் நாள் மத்தியானம் மையத்தில் நான் நகல் எடுத்துக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் மகள் வந்து நின்றாள்.

"அம்மா, நான் பின்பகுதிதான் போட்டேன்."

மெஷினை நிறுத்தினேன்.

"புக்ல அதான இருக்கு. கீ போடறவங்க புக்க பாத்துதான போடுவாங்க, அதான் அப்படிப் போட்டேன். நான் பாஸ்மா. ரெண்டு மார்க் மேல இருக்கேன். அப்பாகிட்ட மட்டும் பொய் சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! இத இப்பவா வந்து சொல்ற?"

"மனுவெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். ஆனா அப்பா எழுதி வச்சிருக்கறத இப்ப படிச்சேம்மா. பயமா இருக்கு."

வகுப்பறைக்கு ஓடினேன். கணினி முன்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"அனுப்பிட்டேன்" என்றார். "இனிமே அவ சீட்ட ஒருத்தனும் அசைக்க முடியாது."

அங்கேயே சொன்னேன். கத்துவார், எதையாவது தூக்கி எறிவார் என்று தயாராகத்தான் இருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றினார். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

மறுநாள் தேர்வு அலுவலகத்துக்குக் கூடவே போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கிளார்க், பாதி பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டு பேசினான்.

"போட்ட மனுவ வாபஸ் வாங்க முடியாது சார். ஏன் வாங்கணும்? நல்லதுக்குத்தான போட்டிருக்கீங்க?"

இவர் மனுவின் நகலை மடித்துப் பையில் வைத்தார்.

"அட, கவலப்படாதீங்க. வருஷா வருஷம் மூட்ட மூட்டயா வருது. எவன் படிக்கிறான்? தள்ளிட்டுப் போய்ட்டே இருப்பாங்க."

வேறு நாளாக இருந்தால் அந்த ஆளைத் தடுப்புக்கு வெளியே இழுத்துப் பாடம் நடத்தியிருப்பார். அன்று அவனுக்கு நன்றி சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது, "படிக்க மாட்டாங்க இல்ல?" என்று என்னைக் கேட்டார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கேட்டார். படிக்க மாட்டாங்க, சும்மா வாங்க என்றேன். இருபது வருஷமாகத் தப்பைக் கண்டால் எரிந்து விழுந்த மனிதர், கடவுளே அந்தத் தப்பு அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

வகுப்பில் வேறு தொல்லை. முதல் பெஞ்சில் ஒரு பெண் உண்டு, தையல்காரர் மகள். பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கிற பிள்ளை. அவள் சார் சொன்ன விடையைத்தான் போட்டிருந்தாள். கீ மாறினால் அவளுக்கு சீட். தினமும் மேசையில் வந்து தொங்குவாள்.

"மேடம், சார் மனு ஜெயிச்சிடும்ல?"

என்ன சொல்வேன்? ஜெயிக்கக் கூடாது என்றா? "போய் உக்காரு" என்று எரிந்து விழுந்தேன். அவள் மேல் என்ன தப்பு, பாவம். அவரும் அவள் முகத்தைப் பார்க்காமல், கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்திவிட்டு இறங்கிப் போவார்.

வீட்டில் அப்பாவும் மகளும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். உப்பை நகர்த்து, தண்ணீர் எடு, அவ்வளவுதான் பேச்சு. நான் நடுவில் பூந்து ஏதாவது உளறிக்கொண்டிருந்தேன். அந்த வாரங்களில் நான் பேசிய அசட்டுப் பேச்சை இந்த ஜென்மத்தில் வேறெப்போதும் பேசியதில்லை.

இறுதி விடைகள் ஒரு திங்கட்கிழமை காலை வந்தன. அந்த முட்டாள்கள், இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, ஒரு மனுவை ஒழுங்காகப் படித்திருந்தார்கள். நாக்குக் கேள்விக்கு விடை திருத்தப்படுகிறது, ஆட்சேபத்தில் தரப்பட்ட விளக்கம் ஐயத்துக்கு இடமின்றி ஏற்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. தரவரிசையும் கூடவே வந்துவிட்டது. மகள் மூன்று மதிப்பெண் கீழே.

தையல்காரர் மகள் மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "சாராலதான் மேடம், சாராலதான்" என்றாள். டயர் கடைக்காரர்கூட மேலே வந்து கை கொடுத்தார். எல்லோருக்கும் இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு சகிக்கவில்லை, பின்னறைக்குப் போய்விட்டேன்.

எல்லோரும் போன பிறகு வீட்டுக்கு வந்தோம். மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள் என்று தெரிந்தது. இவர் அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கீ வந்த அன்னிக்காவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"திட்டுவீங்கன்னு பயந்தேம்ப்பா."

"சீட் கெடச்சிருச்சுன்னு சொல்ற பொண்ண எதுக்குத் திட்டப் போறேன்?"

"தப்பான விடையப் போட்டதுக்கு."

இல்லை என்று சொல்லிவிடுவார் என்றுதான் நான் வாசலில் நின்று காத்திருந்தேன். சொல்லித் தொலைங்களேன், ஒரு பொய்தானே என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா" என்றார். "திட்டித்தான் இருப்பேன்."