சங்கராவுக்கு ஒரு கொடி

சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்குக் கொடி ஏறிவிட்டதை ராணியம்மாள் மறந்துபோனாள். கூடை நிறையச் சங்கரா மீனோடு கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போனவளை, வாடிக்கைக்காரி சௌந்தரம் வாசலிலேயே நிறுத்தினாள்.

“கொடி ஏறிடுச்சு ராணி. தரிசனம் முடியற வரைக்கும் எங்க தெருவுல மீன் வாசனையே ஆவாது. வருஷா வருஷம் உனக்குச் சொல்லணுமா?”

கூடை அப்படியே ஊர் திரும்பியது. கருவாடாவது போடலாம் என்று மீனைக் கீறியவளின் கை நின்றது. ஒவ்வொரு வயிற்றிலும் மஞ்சள் சினை. யாரோ வெயிலை உருட்டி ஒளித்துவைத்ததுபோல் இருந்தது.

மீன் முட்டையிடும் காலம் என்று அரசாங்கம் விசைப்படகுகளை நிறுத்துவது சித்திரையில். ஆனால் இந்தச் சித்திரையில் கட்டுமரத்தில் வந்த சங்கராவை அறுத்தபோது சினையே இல்லை. வலையில் ஏறும் மீனும் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. கடலியல் படிக்கும் மகள் சினேகா காரணம் சொன்னாள்.

“கடல் சூடாயிட்டே வருதும்மா. கோடைத் தண்ணி அதுக்கு ஒத்துக்கல. குளிர்லதான் இப்ப முட்டை விடுது.”

“அப்ப பேறுகாலத்துலயா போயி வலை போடுறோம்?”

மறுநாள் ஊர்க்கூட்டம். பெண்கள் அங்கே உட்காருவதில்லை. ராணியம்மாள் நின்றபடியே சினை நிறைந்த ஒரு தட்டை ஊர்த்தலைவர் தங்கராசுவின் முன் வைத்தாள்.

“மார்கழி முழுக்கச் சங்கராவ விட்டுடணும் தலைவரே. இல்லன்னா நம்ம கடல்ல சங்கராவே இருக்காது.”

முதலில் சிரித்தவன் அவள் புருஷன் சின்னையன். ஊரிலேயே அதிகச் சங்கரா பிடிப்பது, சுனாமிக்கு அப்புறம் அவன் வாங்கிய விசைப்படகான லாஞ்சுதான்.

“மீனுக்கு வளைகாப்பு போடப் போறியா? வளையல எந்தச் செதில்ல மாட்டுவ?”

“போடுவேன்யா. தாய்மாமன் சீரு நீ கொண்டா!”

கூட்டமே சிரித்தது. தங்கராசு சிரிக்கவில்லை. “மாசம் முழுக்க அடுப்பு எரிய வாணாமா?”

“சரி, கொடி ஏறுனதுலேந்து தரிசனம் வரைக்குமாவது விடுங்க. சிதம்பரத்துல எவ மீன் வாங்குறா? நேத்து என் கூடை திரும்பி வரல? விக்காத மீன ஏன் சினையோட கொல்லணும்?”

சின்னையன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என் லாஞ்சு போவல,” என்றான் கடைசியில். “ஆனா என்து போவலன்னா எவன்துமே போவக்கூடாது.”

“சிதம்பரத்துல கொடி ஏறுனா, இங்க சங்கரா வலை இறங்காது. மீறுனா அபராதம்,” என்றார் தங்கராசு.

ராணியம்மாள் தட்டை எடுத்துக்கொண்டாள். “அடுத்த வருஷம் மாசம் முழுக்கக் கேப்பேன்.”

அடுத்த மார்கழியில் சௌந்தரம் எதுவும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. கொடி என்றைக்கு என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வந்தவன் சின்னையன்.