மெத்தைக் கம்பெனியின் ரோபோ

பெரியப்பாவின் மெத்தைக் கம்பெனிக்கு ரோபோ வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கை கால் உள்ள ரகம் அல்ல. இணையதளத்தில் வாடிக்கையாளர் கேள்வி தட்டினால் தானே பதில் தட்டும் ரகம். வாங்கி வந்தவர் அவருடைய மாப்பிள்ளை. என்ன கேட்டாலும் அது "வணக்கம்" என்றது. மெத்தை கிழிந்துவிட்டது என்றாலும் வணக்கம்தான். மாமனாரிடம் இதைச் சொல்ல மாப்பிள்ளைக்கு நா எழவில்லை. இரண்டு நாள் மட்டும் ரோபோவின் பெயரில் பதில் தட்டிச் சமாளிக்கச் சொல்லி வாடிக்கையாளர் சேவைப் பிரிவிடம் கெஞ்சினார். பிரிவு என்றால் ஒரு நாற்காலி. அதில் பெரியப்பாவின் தங்கை, எங்கள் அத்தை.

இரண்டு நாள் ஏழு மாதமானது. முதுகு வலிக்கிறது என்று எழுதியவரிடம், குப்புறப் படுத்து ஃபோன் பார்ப்பீர்களா என்று ரோபோ விசாரித்தது. மெத்தையைத் திருப்பி அனுப்புவேன் என்று மிரட்டியவரை, முதலில் முகம் கழுவிவிட்டு வரச் சொன்னது. ஜனங்கள் சொக்கிப்போனார்கள். திரும்பி வரும் மெத்தைகள் பாதியாகக் குறைந்தன.

ஆலோசகர் ஒருவர் வந்தார். சந்தை நிச்சயமற்றது என்று நாற்பது படம் காட்டினார். எல்லாவற்றிலும் ஓர் அம்பு மேலே போனது. கடைசிப் படத்தில் அத்தையின் நாற்காலி இல்லை. இவ்வளவு நல்ல ரோபோ இருக்கும்போது சேவைப் பிரிவு எதற்கு?

அத்தைக்கு அந்த நாற்காலி உயிர். ஆனால் வாயைத் திறந்தால் மாப்பிள்ளை மாட்டிக்கொள்வார். பிரிவு உபசாரக் கூட்டத்தில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்தபோது, வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

அடுத்து பெரியப்பா, எல்லாரும் பார்க்க, பெரிய திரையில் ரோபோவிடம் தட்டினார்: "உங்கள் மெத்தையில் தூக்கம் வரவில்லை."

பதில் இல்லை. மூன்று நிமிடம் கடிகாரம் மட்டும் பேசியது. ஆலோசகர் இணைய இணைப்பைக் குறை சொன்னார். மாப்பிள்ளை மேசையிலிருந்த எல்லார் தண்ணீரையும் குடித்தார்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஒரு நிமிஷம்ணா, கஸ்டமர் காத்துக்கிட்டிருக்கார்" என்று கடிகாரத்தோடு பக்கத்து அறைக்குப் போனார்.

திரையில் எழுத்து ஓடியது: "சாயங்காலத்துக்கு மேல மூணு காபி குடிச்சா தூக்கம் எப்படிண்ணா வரும்? மெத்தை மேல பழி போடாதீங்க."

பெரியப்பா இரண்டு முறை படித்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார்.

"ஏன் மாப்ளே, நான் குடிக்கிற காபி இதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டவர், பதில் வருமுன் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

இப்போது இணையதளத்தில், இங்கே பதில் சொல்வது மனிதர்கள் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. சேவைப் பிரிவில் நான்கு நாற்காலிகள். கடிகாரம் ஆலோசகருக்குப் போனது; அவர் நாற்பத்தோராவது படமாக நான்கு நாற்காலிகளையும் ஓர் அம்பையும் வரைந்து கொடுத்தார். நான்காவது நாற்காலியில் மாப்பிள்ளை. எழுதுகிறவர்களுக்கெல்லாம் "வணக்கம்" சொல்கிறார். அதற்குமேல் சொல்ல அத்தை இன்னும் விடவில்லை.