கை என்று எழுதிய இடத்தில்

கவரைப்பேட்டை ஃபேக்டரியில் தகடு அமுக்கும் பிரஸ் ஒரு பையனின் கைமேல் இறங்கி நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நர்மதா வேலை பார்க்கும் ஷெட்டில் மட்டும்தான் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பிரஸ்ஸுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்து கொடுத்தது இந்தக் கம்பெனிதான். பெட்டியில் இரண்டு பச்சை பட்டன்கள். ஓட்டுகிற ஆளின் இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் பிரஸ் இறங்கும். பட்டனில் இருக்கும் கை பிரஸ்ஸுக்கு அடியில் இருக்க முடியாது. ஆனால் அந்த ஃபேக்டரியில் வேலை சீக்கிரம் ஓடட்டும் என்று ஒரு பட்டனை அமுக்கி டேப் ஒட்டிவிடுவார்கள். சூப்பர்வைசரே ஒட்டுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் ஒட்டியிருந்தது.

நர்மதா பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு இங்கே புரோகிராம் எழுதுகிறாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பட்டனையும் விட்டுவிட்டு மறுபடி அமுக்க வேண்டும் என்று புரோகிராமை மாற்றியிருந்தாள். இனி டேப் ஒட்டினால் பிரஸ் அசையாது. நாளைக் காலை ஆறு மணி ஷிப்டுக்குள் அந்தப் புரோகிராம் ஏற்றிய புது சிப் அங்கே போய்விட வேண்டும். போகாவிட்டால் பழைய சிப்பை வைத்தே ஓட்டுவார்கள், வேறு யாரையாவது நிறுத்தி.

எழுதியதைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர், நேற்றிலிருந்து பதினேழாவது வரியிலேயே நின்றது. எண் வரக்கூடாத இடத்தில் எண் இருக்கிறதாம். அந்த வரியில் எண்ணே இல்லை. பட்டனில் இருக்கும் கைக்கு ‘ஹேண்ட்’ என்று அவள் வைத்த பெயர்தான் இருந்தது. அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். அதே தப்பு.

“இன்னாம்மா, ஆச்சா?” முதலாளி ஆதிநாராயணன் வந்து நின்றார்.

“இல்ல சார்.”

“உடு, புதன்கிழமை குடுத்துக்கலாம். டேப்பு ஒட்னது அவனுங்க. கைய உட்டது அந்தப் பையன். தூங்கிக்கினு இருந்திருப்பான். நாம இன்னா பண்றது?”

அவன் தூங்கவில்லை என்று வாய்வரை வந்தது. உனக்கெப்படித் தெரியும் என்பார். சொன்னால் இந்த நாற்காலியிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

“இன்னிக்கே முடிச்சிர்றேன் சார்.”

பெட்டிகளைக் கொண்டுபோய்ப் பொருத்துகிற நூர் அகமது இட்லிப் பொட்டலத்தை விசைப்பலகை மேலேயே வைத்தார்.

“நாஷ்டா துண்ணும்மா. நீ மொறைக்கிற மொறைப்புல கம்ப்யூட்டரே அழுதுரும்.”

“அப்புறம் பாய்.”

“நேத்தும் இதான் சொன்ன. ரெண்டு நாளா அதே சுடிதாரு. ஊட்டுக்குப் போனியா இல்லியா?”

மேசையில் செல்போன் அதிர்ந்தது. அம்மா. அதைக் கவிழ்த்து வைத்தாள்.

தான் எழுதியதைக் கம்பைலர் நேராகப் பார்ப்பதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கு முன்னால் பிரிபிராசசர் ஒன்று இருக்கிறது. எல்லா ஃபைல்களையும் அதுதான் ஒன்றாகச் சேர்க்கும். இந்தச் சொல் வந்தால் இதைப் போடு என்று சொல்லி வைத்திருந்தால் அப்படியே போட்டுக் கொடுக்கும். அது கொடுப்பதை மட்டும் தனி ஃபைலாக எடுத்தாள். ஆயிரக்கணக்கான வரிகள். தன் வரியைத் தேடிப் பிடித்தாள்.

ஹேண்ட் என்று எழுதிய இடத்தில் 2 என்று இருந்தது.

கீழே போனாள். அங்கேயும் 2. கை எடுக்கப்பட்டதா என்று கேட்ட இடத்தில் 2. கை திரும்பி வந்ததா என்று கேட்ட இடத்திலும் 2.

வேலையை விட்டுப்போன தானியேல் பழைய ஃபைல் ஒன்றில் எழுதி வைத்திருந்தார், ஹேண்ட் என்றால் 2 என்று. பிரஸ் இறங்க எத்தனை கை வேண்டும் என்பதற்காக எழுதியது. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. எல்லோருக்கும் இரண்டுதானே.

நர்மதா அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு பெயரை மாற்றினாள். கம்பைல் ஆனது. புது சிப்பில் ஏற்றிக் கொடுத்தாள்.

நூர் அகமது சிப்பைச் சோதனைப் பெட்டியில் செருகி, ஒரு பட்டன்மேல் டேப் ஒட்டி, மற்றதை அமுக்கினார். பிரஸ்ஸை இறங்கச் சொல்லும் ரிலே சத்தம் போடவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினார். ஊஹூம்.

“மாஷா அல்லா!” டேப்பைப் பிய்த்தார். “வா, நீயே போடு. ரெண்டு கையையும் வையி.”

வைத்தாள். ரிலே டக்கென்றது.

அவர் மின்சாரத்தை அணைத்து, சிப்பை எடுத்து டப்பாவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவள் கைகளை எடுக்கவில்லை.

“நேரா கவரைப்பேட்டைக்குப் போய் மாட்டிடு பாய்,” என்றார் ஆதிநாராயணன். “அப்படியே ஆஸ்பத்திரில அந்தப் பையனுக்கு ரெண்டு ஆப்பிள் வாங்கிக் குடுத்துட்டு வா. பேரு இன்னா அவனுக்கு?”

“காண்ட்ராக்ட் பையன் சார். அவன் பேரு யாருக்குத் தெரியும்?”

“அன்புசெல்வன்,” என்றாள் நர்மதா.

இருவரும் திரும்பினார்கள்.

“வலது கைய நேத்து எடுத்துட்டாங்க. என் தம்பி சார்.”